செவிவழி ஆங்கிலம்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. செவியாற் கேட்டலும் கேள்வி. கேட்டுப் பெற்ற அறிவும் கேள்வி. அறியாததை வினவுதலும் கேள்வி. ஆசிரியரை அடுத்துக் கல்வி பெறுவதை முன்னோர் 'பாடங் கேட்டல்' என்றே வழங்கினர். உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்றதை இன்றும் 'பாடங் கேட்டார்' என்றே சொல்லுகின்றோர் உளர். திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம். கல்லாமை 41-ஆம் அதிகாரம். அவற்றை அடுத்துக் கேள்வி 42-ஆம் அதிகாரமாகத் தனியே நிற்கின்றது. கற்றலிலேயே கேட்டலும் அடங்கிவிடுமாயின் தனி அதிகாரம் எதற்கு? கண்ணாற் கற்பது ஒன்று. செவியாற் கொள்வது மற்றொன்று. இரண்டும் கூடியபோதே கல்வி நிறைவுறுகின்றது.

இவ்வுண்மை தாய்மொழிக் கல்விக்கு மட்டும் உரியதன்று. பிறமொழி கற்போர்க்கு இது பின்னும் சிறப்பாக உரியது. தமிழ்நாட்டு மாணவர் ஆங்கிலத்தைப் பல்லாண்டுகள் பயில்கின்றனர். பாடநூலைப் படித்துப் பொருள் கூறுகின்றனர். வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர். இலக்கணப் பயிற்சிகளையும் பிழையின்றிச் செய்கின்றனர். ஆயினும், அதே ஆங்கிலத்தை ஒருவர் இயல்பாகப் பேசக் கேட்கும்போது அவர்களுட் பலர் திகைத்து நிற்கின்றனர். தாளில் கண்டால் தெரிகின்ற சொல், காதில் விழும்போது அயற்சொல்லாய் விடுகின்றது.

சிற்றூர் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. அவன் பள்ளியில் தமிழ்வழியிற் பயின்றவன். கணக்கிலும் அறிவியலிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவன். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவன். அங்கே பேராசிரியர் ஆங்கிலத்திற் பாடம் நடத்துகின்றார். அவன் முன்பே நன்கு அறிந்த பொருளையே அவர் விளக்குகின்றார். எனினும் சொற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விரைந்து ஓடுகின்றன. ஒரு சொல்லைப் பிடித்து அதன் பொருளை எண்ணுமுன் பத்துச் சொற்கள் கடந்துவிடுகின்றன. 'விளங்கிற்றா?' என்று பேராசிரியர் வினவும்போது, ஏனையோர் தலையசைக்க அவனும் தலையசைக்கின்றான். சில திங்களில் அவன் பின்வரிசையில் அமரத் தொடங்குகின்றான். 'எனக்கு அறிவு போதாது' என்னும் முடிவுக்கும் வந்துவிடுகின்றான். நல்ல விதை ஒன்று நிலம் மாறியதால் முளைக்காமற் போவது போன்றது இது. குடும்பத்திற்கும் நாட்டிற்கும் இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று.

அவன் கொண்ட முடிவு தவறானது. அவனுக்கு அறிவு குறைவில்லை. செவிக்குப் பழக்கம் குறைவு. பழக்கத்தால் வந்த குறையைப் பழக்கத்தாலேயே போக்கிக்கொள்ளலாம். அதற்குத் துணையாகும் கருவியொன்றும் தமிழ் மாணவன் கையில் முன்பே இருக்கின்றது. அது தமிழ் வகுப்பில் அவன் கற்ற புணர்ச்சி இலக்கணமே என்றால் சிலர் வியப்படையக்கூடும். ஆயினும் அது உண்மை.

முதற்கண் இடர்ப்பாட்டின் வேரை ஆராய வேண்டும். தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி தெரியும். ககரம் 'கல்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் வேறொருவாறும் ஒலித்தாலும், அது நிற்கும் இடத்தைக் கொண்டே அதன் ஒலியை அறியலாம். ஆங்கிலத்தில் அத்தகைய உறுதி இல்லை. அம்மொழிக்கு எழுத்துகள் 26. பிரித்தானிய ஆங்கிலத்தின் ஒலிகளோ ஏறத்தாழ 44. உயிரெழுத்துகள் ஐந்தே, அவை சுமக்கும் உயிரொலிகள் ஏறத்தாழ 20. 'ஓ, யூ, ஜி, எச்' என்னும் நான்கு எழுத்துகள் சேர்ந்து நிற்கும் சொற்களைப் பார்க்கலாம். ஒரு சொல் 'த்ரூ' என ஒலிக்கின்றது. மற்றொன்று 'தோ' என ஒலிக்கின்றது. பிறிதொன்று 'ரஃப்' என்றும், வேறொன்று 'காஃப்' என்றும் ஒலிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாய் இருப்பது காதுக்கு நான்காகின்றது.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. வில்லியம் காக்ஸ்டன் என்பார் 1476-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்து வடிவம் மெல்ல நிலைபெறலாயிற்று. ஆனால் மக்கள் நாவிலிருந்த மொழியோ அந்நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் பெரிதும் மாறிக்கொண்டே வந்தது. நெடிலுயிர்கள் பல தம் ஒலியை மாற்றிக்கொண்டன. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் முதலில் 'கே' என்னும் எழுத்து இன்றும் நிற்கின்றது. முற்காலத்தில் அது ஒலிக்கப்பட்டது. இன்று அது வாயிற்காவலன்போல் வாளா நிற்கின்றது. எனவே ஆங்கில நூலைப் படிப்பவன் பழங்காலத்து ஒலியின் நிழலைக் காண்கின்றான். ஆங்கிலப் பேச்சைக் கேட்பவன் இக்காலத்து ஒலியைச் சந்திக்கின்றான்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று. தமிழை நூல்வழி மட்டும் கற்ற அயல்நாட்டார் ஒருவர் சிற்றூர்ச் சந்தைக்கு வந்தால், 'இருக்கின்றது' என்பதை அறிவார். 'இருக்கு' என்பதை அறியார். இத்தாலி நாட்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் போந்த வீரமாமுனிவர் இதனை நன்கு உணர்ந்தார். அதனால் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் வழங்கும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீன் மொழியில் எழுதினார். தேம்பாவணி பாடிய பெரும்புலவரே பேச்சு வழக்கைத் தனியே கற்க வேண்டும் என்று கருதினார் எனின், ஆங்கிலம் கற்கும் மாணவன் அதன் பேச்சு வழக்கைத் தனியே பயிலாமல் இருப்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, ஆங்கிலப் பேச்சில் தமிழ்ச் செவியை இடறச் செய்வன யாவை என்று காண்போம். முதலாவது, தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாத ஒலிகள். மூட்டை கட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பேக்'. முதுகைக் குறிப்பதும் 'பேக்'. பையைக் குறிப்பதும் 'பேக்'. தமிழெழுத்தில் மூன்றும் ஒன்றே. ஆங்கிலேயர் செவிக்கோ மூன்றும் வெவ்வேறு. அவ்வாறே மேற்குத் திசையைக் குறிப்பதும் உள்ளாடையைக் குறிப்பதும் தமிழெழுத்தில் 'வெஸ்ட்' என்றே அமையும். முன்னதற்கு உதடுகள் குவியும். பின்னதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும். ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பாடநூலின் ஓரத்தில் தமிழெழுத்தால் குறித்துக்கொள்ளும் பழக்கம் மாணவரிடையே மிகுதி. அது முதற் படிக்குக் கைத்தடியாகலாம். ஆனால் அதனையே நம்பி நடப்பவன் செவி கூர்மை பெறாது. ஒலியை ஒலியாகவே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, அழுத்தமும் குறுக்கமும். ஆங்கிலச் சொல்லில் ஓரசை ஓங்கி ஒலிக்கும். ஏனைய அசைகள் ஒடுங்கி ஒலிக்கும். ஒடுங்கிய அசையில் உள்ள உயிர், எவ்வெழுத்தால் எழுதப்பட்டிருப்பினும், பெரும்பாலும் தன் நிறமிழந்து ஒரு மங்கலான குற்றொலியாய் விடும். ஒளிப்படத்தைக் குறிக்கும் சொல்லில் முதலசை ஓங்குதலின் அது 'ஃபோட்டகிராஃப்' என ஒலிக்கும். அக்கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை ஓங்குதலின் முன்னிருந்த ஓகாரம் தேய்ந்து 'ஃபடாக்ரஃபி' என ஆகும். எழுத்தில் ஓர் ஈறே மாறிற்று. ஒலியிலோ சொல் முழுவதும் மாறிற்று. 'பதினைந்து' என்பதற்கும் 'ஐம்பது' என்பதற்கும் உரிய 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்னும் சொற்களைப் பிரித்தறிவதற்கும் அழுத்தமே பெருந்துணை. மருந்தின் அளவைச் செவியால் கேட்டுக் குறித்துக்கொள்ளும் செவிலிக்கு இவ்வேறுபாடு நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

இக்குறுக்கம் தமிழ் மாணவனுக்கு விளங்காத புதுமையன்று. 'நாடு', 'பாக்கு' என்னும் சொற்களின் ஈற்று உகரம் தன் ஒரு மாத்திரையிற் குறைந்து அரை மாத்திரையாய் ஒலிப்பதனைக் குற்றியலுகரம் என்று அவன் கற்றிருக்கின்றான். ஐகாரம் தனித்து நிற்குமிடத்து நிறைந்தும், சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகியும் ஒலிப்பதனை ஐகாரக்குறுக்கம் என்று படித்திருக்கின்றான். எழுத்து முழுதாய் நிற்க ஒலி குறுகும் என்னும் கொள்கையைத் தொல்காப்பியர் காலந்தொட்டே தமிழர் அறிவர். ஆங்கிலத்தில் அக்குறுக்கம் பெருவழக்காய் இருக்கின்றது என்று மட்டும் அவன் உணர்ந்துகொண்டால் போதும். எழுத்து முழுவதும் காதில் விழும் என்று எதிர்பார்த்து ஏமாற மாட்டான்.

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரிய இடர்: சொற்கள் தம்முட் புணர்தல். அச்சிட்ட தாளில் சொற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு. பேச்சில் அவ்வெற்றிடம் இல்லை. ஆங்கிலத்திலும் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடி மாறுகின்றன. தமிழர் அம்மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். வியத்தகு செய்தி யாதெனின், இம்மூன்றும் ஆங்கிலப் பேச்சில் உள்ளன.

'மணி' என்பதும் 'அழகு' என்பதும் சேரும்போது இடையே யகரம் தோன்றி 'மணியழகு' என்றாகும். 'பூ' என்பதோடு 'அழகு' சேரும்போது வகரம் தோன்றிப் 'பூவழகு' என்றாகும். இவற்றை உடம்படுமெய் என்பர். 'அதனைப் பார்' என்னும் பொருள்பட ஆங்கிலேயர் 'ஸீ இட்' என்பதை விரைந்து சொல்லும்போது அது 'ஸீயிட்' என்றே கேட்கும். 'வெளியே போ' என்னும் பொருள்பட 'கோ அவுட்' என்பது 'கோவவுட்' என்றே கேட்கும். ஈகாரத்தின்பின் யகரமும் ஓகாரத்தின்பின் வகரமும் தோன்றும் இம்முறை தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் ஒத்திருத்தல் காண்க. சட்டம் ஒழுங்கு என்னும் பொருளுடைய 'லா அண்ட் ஆர்டர்' என்னும் தொடரில், எழுத்தில் இல்லாத ரகரம் ஒன்று தோன்றி 'லாரண்டார்டர்' என்று இங்கிலாந்தில் பலர் நாவில் ஒலிக்கின்றது. இவை தோன்றல்.

'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் வருமெழுத்துக்கு இனமாகத் திரிந்து 'மரங்கள்' ஆகின்றது. பத்துச் சிறுவர் என்னும் பொருளுடைய 'டென் பாய்ஸ்' என்பதில் னகரம் உதட்டெழுத்துக்கு இனமாகத் திரிந்து 'டெம் பாய்ஸ்' என ஒலிக்கின்றது. இது திரிதல். 'மரம்', 'வேர்' என்பன சேரும்போது மகரம் கெட்டு 'மரவேர்' ஆகின்றது. மறுநாள் என்னும் பொருளுடைய 'நெக்ஸ்ட் டே' என்பதில் டகரமெய் ஒன்று கெட்டு 'நெக்ஸ்டே' என்று கேட்கின்றது. இது கெடுதல். மெய்யீற்றின்மேல் உயிர்முதல் ஏறி ஒன்றாதலும் அங்கு உண்டு. 'ஆன் ஆப்பிள்' என்பது 'அனாப்பிள்' என ஒரே சொல்போல் வருகின்றது. 'எ கப் ஆஃப் டீ' என்பது 'அகப்பஃப்டீ' என்றாகி, இன்னும் தேய்ந்து 'அகப்படீ' என்று நிற்கின்றது. தனித்தனிச் சொற்களைத் தேடும் செவி இங்கே வழி தப்பிப் போவது இயல்பே.

இரண்டு மொழிக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. தமிழர் புணர்ச்சியைப் பேச்சிலும் கொண்டனர், எழுத்திலும் காட்டினர். ஆங்கிலேயர் அதனைப் பேச்சில் மட்டும் வைத்து எழுத்தில் மறைத்தனர். ஆதலின் தமிழ்ச் செய்யுளைச் சீர்பிரித்துப் பொருள் காண்பதுபோல, ஆங்கிலப் பேச்சையும் செவியிலேயே சொற்பிரித்துப் பொருள் காண வேண்டும். செய்யுளைப் பதம் பிரிக்கப் பழகிய மாணவனுக்கு இது கைவந்த கலையாகும். தமிழை நன்கு கற்பது ஆங்கிலத்திற்குத் தடை என்று சிலர் கூறுவர். தமிழிலக்கணத்தை உணர்ந்து கற்றவனுக்கு அது தடையாகாது, வழித்துணையாகும்.

நான்காவது இடர் மனத்தில் உள்ளது. கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கிப் பார்க்கும் பழக்கமே அது. தமிழில் வினைமுற்றுப் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வரும். 'வரவில்லை', 'செய்யான்' எனத் தமிழில் எதிர்மறை வினையோடு சேர்ந்து இறுதியில் விளங்கி நிற்கும். ஆங்கிலத்தில் அது வினைக்கு முன்பே ஒரு சிறு ஒலியாய் ஒதுங்கிப் போகும். 'முடியும்' என்னும் பொருளுடைய 'கேன்' என்பது பேச்சில் 'கன்' என ஒடுங்கும். 'முடியாது' என்னும் சொல்லில் அவ்வுயிர் ஒடுங்காது ஓங்கி நிற்கும். அமெரிக்கர் பலர் அதன் ஈற்று டகரத்தை ஏறக்குறைய விழுங்கிவிடுவர். ஈற்றை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் 'முடியாது' என்பதை 'முடியும்' என்று கொண்டு மயங்குவான். மேலும், இயல்பான ஆங்கிலப் பேச்சு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 150 சொற்கள் என்னும் அளவில் செல்கின்றது. அவ்வோட்டத்தினிடையே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி மொழிபெயர்ப்பது, ஓடும் ஆற்றைக் கைப்பிடியால் அள்ளி அள்ளிக் குடத்தில் நிரப்புவது போன்றது. ஓங்கி ஒலிக்கும் சொற்களைப் பற்றிக்கொண்டு, கருத்தைத் தொடர்தொடராகக் கொள்ளுதலே தக்க வழி.

இவ்விடர்களைக் கடக்கும் முறை யாது? பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையை வகுத்துரைத்துள்ளார். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழையின்றி அறியலாம் என்றும், மும்முறை கேட்டால் பிறர்க்கு முறையறிந்து உரைக்கலாம் என்றும் அவர் கருதினார். தமிழ் நூலுக்குக் கூறிய அம்முறை ஆங்கிலப் பேச்சுக்கும் மிகப் பொருந்தும்.

இரண்டு அல்லது மூன்று நிமிட அளவில் தெளிவான ஆங்கில உரையொன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதன் எழுத்து வடிவமும் கிடைப்பதாயின் நன்று. ஆனால் அதனை முதலிற் பார்த்தலாகாது. முதன்முறை கேட்கும்போது, பேசுவோர் எதனைப் பற்றிப் பேசுகின்றார் என்பதை மட்டும் அறிய முயல வேண்டும். விளங்காத சொல் வந்தால் அங்கே நின்றுவிடாது மேற்செல்ல வேண்டும். இரண்டாம் முறை, தொடருக்குத் தொடர் நிறுத்திக் காதில் விழுந்ததைத் தாளில் எழுத வேண்டும். பின்னர் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, எங்கெங்கே செவி தவறிற்று என்று குறிக்க வேண்டும். தவற்றின் காரணம் தெரியாத சொல்லா, குறுக்கமா, புணர்ச்சியா என்று ஆராய்தல் இன்றியமையாதது. தெரியாத சொல்லாயின் அகராதி உதவும். தெரிந்த சொல்லே தெரியாமற் போயிற்றாயின் செவிக்கே பயிற்சி வேண்டும். மூன்றாம் முறை, எழுத்தைப் பாராது கேட்டு, பேசுவோர் எங்கே ஓங்குகின்றாரோ அங்கே ஓங்கியும், எங்கே ஒடுங்குகின்றாரோ அங்கே ஒடுங்கியும் உடன் சொல்லிப் பழக வேண்டும். நாக்குச் சொல்லப் பழகிய ஒலியைச் செவி எளிதில் அடையாளங் கண்டுகொள்ளும். இதற்கு நாள்தோறும் 20 நிமிடம் போதும். வாரத்திற்கு ஒருநாள் மூன்று மணி நேரம் கேட்பதினும் நாள்தோறும் சிறிது கேட்பதே பயன் தரும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது செவிக்கும் பொருந்தும்.

கேட்பதற்குரிய உரையைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். திரைப்படத்தைக் கொண்டு தொடங்குவோர் உளர். அதில் இசையும் இரைச்சலும் பேச்சோடு கலக்கும். காட்சியே கதையைச் சொல்லிவிடுதலின் செவி சோம்பிக் கிடக்கும். திரையின் அடியில் தமிழெழுத்து ஓடுமாயின் கண் படிக்கும், காது உறங்கும். பாட்டிலோ இசைக்கேற்ப அசைகள் நீண்டும் குறுகியும் நிற்றலின் பேச்சின் இயல்பு புலப்படாது. எனவே செய்தியுரை, கதை வாசிப்பு, அறிவியல் விளக்கம் ஆகியவற்றில் தொடங்குவது நன்று. மாணவன் தமிழில் முன்பே அறிந்த பொருளாயின் மிக நன்று. பொருள் தெரிந்த இடத்தில் மொழியும் விரைவில் விளங்கும். ஒருவர் குரலில் தெளிவு பெற்றபின், வேறு நாட்டினர் பேசும் ஆங்கிலத்தையும் கேட்க வேண்டும். ஆங்கிலம் இன்று இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியர், அமெரிக்கர், ஆப்பிரிக்கர், ஆஸ்திரேலியர் ஆகியோர் நாவில் அது வெவ்வேறு சாயல் பெறுகின்றது. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் அறிந்தவனுக்கு இது வியப்பாகாது.

முன்னாளில் இப்பயிற்சிக்கு வாய்ப்பு அரிது. சென்னையில் வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பிரித்தானிய வானொலி 1943-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டார்க்கு ஆங்கிலப் பாடம் ஒலிபரப்பிற்று. அமெரிக்கக் குரல் வானொலி 1959-ஆம் ஆண்டில் எளிய ஆங்கில நிகழ்ச்சியொன்றைத் தொடங்கி, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், சிறு தொடர்களால், மெதுவாகச் செய்தி கூறிற்று. ஆனால் வானொலியிற் போன சொல் போனதே. அதனை மீண்டும் கேட்க இயலாது. இன்றோ கைப்பேசி வைத்திருப்போர் ஓர் உரையைப் பத்துமுறை கேட்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் செய்யலாம். முன்னோர்க்குக் கிடையாத ஆசிரியர் ஒருவர் சட்டைப்பையில் இருக்கின்றார். அவரை வீண்பொழுது போக்கத் துணையாகக் கொள்வதும், கல்விக்குத் துணையாகக் கொள்வதும் மாணவர் கையில் உள்ளன.

'படிக்கத் தெரிந்தால் போதாதா? கேட்டல் எதற்கு?' என்பார்க்கும் விடை கூற வேண்டும். அக்கருத்துக்குச் சான்றாக ஓர் அறிஞரைக் காட்டலாம். 1920-களில் டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், இந்திய மாணவர்க்குப் படிக்கும் திறனையே முதலில் அளிக்க வேண்டும் என்று வாதித்தார். பலர் இடையிலேயே பள்ளியை விட்டு நீங்குதலின், படிக்கும் திறனாவது அவர்க்குக் கைப்பொருளாய் எஞ்சும் என்பது அவர் எண்ணம். அதே காலத்தில், 1922-ஆம் ஆண்டில் சப்பான் சென்ற ஹெரால்டு பாமர் என்பார் இதற்கு மாறான கொள்கையினர். குழந்தை பலநாள் கேட்டபின்பே பேசத் தொடங்குகின்றது. மொழி கற்போனும் முதலிற் செவியால் அதனை உள்வாங்க வேண்டும் என்றார் அவர். இருவரும் பேரறிஞரே. வெஸ்ட் கூறியது அவர் காலத்துச் சூழலுக்குத் தக்கது. அன்று பெரும்பாலான சிற்றூர் மாணவர்க்குக் கேட்கக் கிடைத்த ஆங்கிலம் ஆசிரியர் வாய்மொழி ஒன்றே. இன்று அத்தடை பெரிதும் நீங்கிற்று. வேலையும் உயர்கல்வியும் செவியின் திறனை வேண்டி நிற்கின்றன. ஆதலின் பாமர் கொள்கையே இக்காலத்துக்கு ஏற்றது. படித்தலைக் கைவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று; படித்தலோடு கேட்டலும் சரியிடம் பெற வேண்டும் என்பதே.

கேட்டலில் நேரும் பிழை சிலபோது பேரிழப்பாய் முடியும். கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய டெனெரீஃபில், 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள், மூடுபனி சூழ்ந்த ஓடுதளத்தில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அவ்விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, விமானிக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தார்க்கும் இடையே ஆங்கிலத்தில் நிகழ்ந்த உரையாடலை ஒருவர் கருதியவாறு மற்றவர் கொள்ளாமை. ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் இன்றியமையாத சொற்கள் செவியில் விழாமலும் போயின. அதன்பின் வானூர்தித் துறையில் சொல்லாட்சி பின்னும் இறுக்கமாக வரையறுக்கப்பட்டது. 'சரி' என்று மட்டும் சொல்லாமல், கேட்ட ஆணையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தல் வற்புறுத்தப்பட்டது. ஐந்தும் ஒன்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் கேட்டு மயக்கம் தருதலின், வானொலித் தொடர்பில் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. அயல்நாடு செல்லும் விமானிகளின் ஆங்கிலத் திறனை அளக்கும் பன்னாட்டு முறையில், கேட்டுணரும் ஆற்றல் தனியொரு கூறாகவே அமைந்துள்ளது.

இதனால் மாணவர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. நன்கு கற்ற விமானிகளே கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்கின்றனர். அவ்வாறிருக்க, கற்கும் மாணவன் 'மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்' என்று வேண்டுவதற்கு ஏன் நாண வேண்டும்? கேட்டு விளங்காதபோது விளங்கியதுபோல் தலையசைப்பதே நாணத்தக்கது. அது பேசுவோரையும் ஏமாற்றுகின்றது, தன்னையும் ஏமாற்றுகின்றது. 'தாங்கள் கூறியது இதுதானா?' என்று தான் கொண்ட பொருளைத் திருப்பிச் சொல்லி வினவுதல் பண்பட்டோர் செயல். அவ்வாறு வினவுபவனைச் சிலர் நகைப்பாராயின், குறை நகைப்பவரிடமே உள்ளது.

இதில் பள்ளிக்கும் கடமை உண்டு. முற்காலத் திண்ணைப் பள்ளிகளில் ஒருவர் சொல்லப் பலர் கேட்டுச் சொல்லும் முறை இருந்தது. ஆங்கில வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' என்னும் பயிற்சி முன்பு பெருவழக்காய் இருந்தது. அப்பயிற்சி மீண்டும் உயிர்பெற வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லாமல், இயல்பான தொடராகச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். ஆங்கில ஆசிரியர் நாள்தோறும் ஐந்து நிமிடமாவது, மாணவர் நூலை மூடி வைத்திருக்க, ஒரு பகுதியைப் படித்துக் காட்டிப் பொருள் கேட்கலாம். தேர்விலும் செவிக்கு ஓரிடம் தருதல் வேண்டும். எழுத்தை மட்டும் அளக்கும் தேர்வு எழுத்தை மட்டுமே வளர்க்கும். கைப்பேசியும் துணைவரும் இல்லாத ஏழை மாணவர்க்கு இப்பயிற்சியை அளிக்கத்தக்க இடம் பள்ளி ஒன்றே. அங்கும் அது கிடைக்கவில்லையெனின், நகரத்து மாணவனுக்கும் சிற்றூர் மாணவனுக்கும் இடையே உள்ள மதில் மேலும் உயரும்.

செவிப் பயிற்சியின் பயன் ஒருநாளில் தெரிவதன்று. முதல் வாரத்தில் எல்லாம் ஒரே ஒலியாய்த் தோன்றும். பின்னர் ஓங்கிய சொற்கள் தனித்துத் தெரியும். அதன்பின் அவற்றிடையே ஒடுங்கிக் கிடக்கும் சிறு சொற்களும் புலப்படும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குப் பசுமைப் பரப்பாய்த் தோன்றும் தோப்பு, நெருங்க நெருங்க மரம் மரமாய்ப் பிரிவது போன்றது அது. அந்நிலை எய்தியவன் கல்லூரியில் முன்வரிசையில் அமர்ந்து பாடங் கேட்பான். விளங்காதவிடத்து எழுந்து நின்று வினவுவான். கேட்டலும் வினவுதலும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியிற் பிறந்தவனுக்கு அவ்விரண்டும் உரியனவே.